கயிற்றில் தொங்கும் விலாசம்

பர்மாவின் யாங்கோன் நகரத்துப் பழைய டவுனுக்குள் நடந்து பழகியவர்களுக்குத் தெரியும், அங்கே தலையைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் நடக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி, ஆறு மாடிக் கட்டடங்கள். பால்கனிக்குப் பால்கனி ஒரு கயிறு, நடைபாதை வரைக்கும் தொங்கும். மேல் முனையில் மணி, கீழ் முனையில் ஒரு கிளிப். வந்தவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். கரண்ட் பில்லும் அப்படித்தான் மேலே ஏறும். சில வீடுகளில் கிளிப்புக்குப் பதில் ஒரு பை, அதில் சாவி இறங்கும், காய்கறி ஏறும்.

எனக்கு விசிட்டிங் கார்டு அடிப்பது பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, பில் புக், மெனு எல்லாம் செய்வேன், ஆனாலும் கார்டுதான் சோறு போடுகிறது. ஒரு கார்டு நல்ல கார்டா இல்லையா என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த டிசைன் புத்தகமும் இல்லை, அந்தக் கயிற்றுக் கிளிப்தான். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன மழைக்காலம் தொடங்கும் முன்னால் ஒரு அக்கா கடைக்கு வந்தார். பெயருக்குப் பதில் எண் வைத்த தெரு ஒன்றில் நான்காவது மாடியில் வீடு. காலையில் இட்லி, தோசை, மதியம் சாப்பாட்டு கேரியர். கையில் ஒரு அட்டைப் பெட்டி. திறந்தால் 500 கார்டில் 30 போயிருக்கும், மிச்சம் அப்படியே இருந்தது.

"எட்டு மாசமாச்சு தம்பி. இதைப் பார்த்து ஒருத்தர் போன் பண்ணல. தெருவுல எனக்கு வியாபாரம் இல்லாம இல்ல, வர்றாங்க. ஆனா இந்தக் கார்டால வந்தவங்கன்னு ஒருத்தர் கிடையாது."

கார்டை எடுத்துப் பார்த்தேன். அக்காவின் தங்கை பையன் கம்ப்யூட்டர் வகுப்பில் படிக்கிறானாம், அவன் செய்தது. பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், ஆசையாகத்தான் செய்திருக்கிறான். கறுப்புப் பின்னணி, அதில் தங்க நிறத்தில் கொடி கொடியாக எழுத்து. இடது பக்கம் இட்லிப் படம், வலது பக்கம் தோசைப் படம், இரண்டும் இணையத்தில் எடுத்தது என்பது பார்த்தாலே தெரியும். மேலே நடுவில் பிள்ளையார். கீழே மூன்று போன் நம்பர், ஃபேஸ்புக், வைபர், மூன்று வரி விலாசம், 'தரம், சுவை, சுத்தம்'. இத்தனையும் மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலம். சுற்றிலும் ஒரு தங்கக் கோடு, அது ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் காணாமலும் இருந்தது.

ஆனால் இவை எதுவும் பெரிய தப்பு இல்லை. பெரிய தப்பு பெயரில் இருந்தது.

பர்மாவில் நமக்குப் பெயர் ஒன்றோடு முடிவதில்லை. பள்ளிக்கூடப் பதிவிலும் அடையாள அட்டையிலும் பர்மியப் பெயர் இருக்கும். வீட்டில், கோயிலில், கல்யாணப் பத்திரிகையில் தமிழ்ப் பெயர். இதற்கு மேல் தெரு வைத்த பெயர் ஒன்று. பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் ஊ, டோ, கோ, மா என்று மரியாதைக்கு ஏற்ப ஒரு சொல் வரும், அதுவும் வயதோடு மாறும். நேற்று 'மா' போட்டுக் கூப்பிட்ட பெண்ணை இன்று 'டோ' என்றுதான் கூப்பிட வேண்டும். கார்டில் எதைப் போடுவது?

அக்காவின் கார்டில் இருந்தது அடையாள அட்டைப் பெயர். 'டோ' சேர்த்து, தங்க எழுத்தில். நான் கேட்டேன், "இந்தப் பேர்ல உங்கள யார் கூப்பிடுவாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "வார்டு ஆபீஸ்ல கூப்பிடுவாங்க."

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் 'தோஷே ஆன்ட்டி'. பர்மியர்கள் தோசையை 'தோஷே' என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் பர்மிய மொழியில் 'தோ' என்றால் குட்டை, 'ஷே' என்றால் நீளம். நம்ம தோசை அங்கே போய்க் குட்டை-நீளம் ஆகிவிட்டது. மாவு ஊற்றித் தேய்ப்பதைப் பார்த்தால் அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் வாடிக்கைக்காரர்களில் பாதிக்கு மேல் பர்மியர்கள். அவர்களில் ஒருவர் இன்னொருவரிடம் "தோஷே ஆன்ட்டி கிட்ட வாங்கு" என்று சொல்கிறார். அந்த இன்னொருவர் வீட்டில் இந்தக் கார்டு இருந்தாலும், அதில் இருக்கும் டோ இன்னார்தான் இந்த ஆன்ட்டி என்று அவருக்கு எப்படித் தெரியும்? கார்டு ஒரு ஆளைச் சொல்கிறது, தெரு வேறொரு ஆளைச் சொல்கிறது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

சிறு வியாபாரத்துக்குக் கார்டு ஏன் முக்கியம் என்று கேட்டால் என் பதில் இதுதான்: பெரிய கம்பெனிக்குப் போர்டு இருக்கிறது, டிவி விளம்பரம் இருக்கிறது, வாசலில் ஆள் இருக்கிறது. நான்காவது மாடி அடுப்படிக்கு வாய்ப் பேச்சு ஒன்றுதான் விளம்பரம். அந்தப் பேச்சு காற்றில் போகாமல் ஒரு துண்டு அட்டையில் உட்கார வேண்டும். அப்படியானால் பேச்சில் வரும் பெயரே அட்டையிலும் இருக்க வேண்டும். மற்ற அழகெல்லாம் அதற்கு அப்புறம்.

என் தாத்தா மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் கணக்குப் பிள்ளையாக இருந்தவர். அந்தக் கடையின் ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. ரப்பர் இறுகிக் கல்லாகிவிட்டது, எழுத்து மட்டும் படிக்கலாம். மூன்று எழுத்து, மூன்று புள்ளி, அவ்வளவுதான். நகரத்தார் இதை 'விலாசம்' என்பார்கள். நமக்கு விலாசம் என்றால் வீட்டு முகவரி. அவர்களுக்கு விலாசம் என்றால் கடையின் அடையாள எழுத்துகள், தாத்தா அப்பா பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது. முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார், இங்கே ஏஜெண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார், கடை தெரு மாறும், ஆனால் விலாசம் மாறாது. உண்டியலில், அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டில், அந்த எழுத்துகள் இருந்தால் பணம் கைமாறும்.

அந்த எழுத்துகளைப் பார்த்து நம்பியவர்கள் போலவே பயந்தவர்களும் இங்கே உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1930களில் நெல் விலை சரிந்தபோது அடமானம் வைத்த நிலமெல்லாம் கடைக்காரர்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் சுமார் கால் பங்கு அந்தப் பத்தாண்டின் கடைசியில் செட்டியார்கள் வசம் இருந்தது. மூன்று எழுத்து என்பது ஒருவருக்குக் கைமாற்றுப் பணம், இன்னொருவருக்குப் போன வயல். 1960களில் அரசு எல்லாவற்றையும் தேசியமாக்கியபோது கடை போனது, லட்சக்கணக்கில் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். ஸ்டாம்ப் மட்டும் எங்கள் வீட்டு மரப்பெட்டிக்குள் தங்கிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம், எத்தனை குறைவாக எழுதி எத்தனை பேரைப் புரிய வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அக்காவிடம் ஸ்டாம்பைக் காட்டவில்லை. அவருக்கு அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது, நேரமில்லை. "பேரு தோஷே ஆன்ட்டின்னே போட்டுடலாம்" என்றேன். முகம் சுருங்கியது. "அது கூப்பிடுற பேரு தம்பி. கார்டுல எப்படி?" கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. நான் வற்புறுத்தவில்லை. பெரிதாகத் தெருப் பெயர், அதன் கீழே சிறிதாக அவரது தமிழ்ப் பெயர் என்று முடிவானது. அடையாள அட்டைப் பெயர் அடையாள அட்டையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது முகவரி. யாங்கோன் டவுனில் முகவரி என்பது தனிக்கலை. தெருக்களுக்கு எண் உண்டு. ஆனால் எண் தெரியும் என்பதால் வீட்டைக் கண்டுபிடித்துவிட முடியாது. ஒரு தெரு தெற்கே ஆற்றுப் பக்கம் தொடங்கி வடக்கே போஜோ சாலை வரை போகும். குறுக்கே மகாபந்துலா சாலையும் அனோரத்தா சாலையும் வெட்டும். அதனால் ஒரே தெரு மூன்று துண்டு: அவுக் பிளாக், அலே பிளாக், அத்தெ பிளாக். கீழ், நடு, மேல். இந்த ஒரு சொல் இல்லாவிட்டால் சாப்பாடு வாங்க வந்தவர் வெயிலில் ஒரு கிலோமீட்டர் நடப்பார், நடந்துவிட்டு வேறு கடையில் சாப்பிடுவார். அக்காவின் பழைய கார்டில் வார்டு உண்டு, டவுன்ஷிப் உண்டு, 'யாங்கோன், மியன்மார்' கூட உண்டு. பிளாக் இல்லை. மாடி இல்லை. மியன்மார் என்று போட்டது யாருக்காக? லண்டனிலிருந்து யாரும் தோசை வாங்க வரப்போவதில்லை.

பெரியவர்களுக்கு இன்னொரு சிக்கல். வெள்ளைக்காரன் வைத்த தெருப் பெயர்கள் மாறி எத்தனையோ காலம் ஆயிற்று. டல்ஹவுசி தெரு மகாபந்துலா ஆனது, ஃபிரேசர் தெரு அனோரத்தா ஆனது, மொகல் தெரு ஸ்வேபோன்தா ஆனது. ஊரே ரங்கூனிலிருந்து யாங்கோன் என்று 1989ல் மாறியது. ஆனால் நம் தமிழ்ப் பெரியவர்களிடம் ஸ்வேபோன்தா என்று சொல்லிப் பாருங்கள், "அது எங்க இருக்கு?" என்பார்கள். அந்தத் தெருவிலேயே குடியிருந்துகொண்டு கேட்பார்கள். கண்ணாடிக் கடைக்காரர் ஒருவருக்குக் கார்டு செய்தபோது பர்மியப் பக்கத்தில் ஸ்வேபோன்தா, தமிழ்ப் பக்கத்தில் 'மொகல் தெரு' என்றே போட்டேன். ஒரே கடை, இரண்டு தெரு. அவருக்கும் திருப்தி, வாடிக்கைக்கும் திருப்தி.

லண்டனில் இந்தத் தொழில் தொடங்கியதும் இதே காரணத்தால்தான். 1760கள் வரை அங்கே வீடுகளுக்கு முறையாக எண் கிடையாது. கடைக்காரர்கள் சின்னத் தாளில் கடையின் சின்னத்தைப் படமாகப் போட்டு, எந்தத் தேவாலயத்துக்குப் பக்கம், எந்தச் சந்து என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1720ல் செதுக்கு வேலைக்காரராகத் தனிக்கடை போட்டபோது தன் கார்டைத் தானே செதுக்கிக்கொண்டார். கார்டுக்கு முதல் வேலை வழி காட்டுவது. பதவி, பட்டம், பளபளப்பு எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

எழுத்துருப் பிரச்சினையைச் சொல்லாமல் போனால் என் சாதிக்காரர்கள், அதாவது டிசைன் சாதிக்காரர்கள், மன்னிக்க மாட்டார்கள். பர்மிய எழுத்தை இந்த ஊரில் பல வருஷம் ஸாஜி என்ற முறையில்தான் எல்லோரும் அடித்தோம். யூனிகோடு பக்கத்திலேயே இருந்தும் யாரும் போகவில்லை. 2019 அக்டோபர் 1 அன்று அரசு நாள் குறித்து யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன் அடித்த ஃபைலை இன்று திறந்தால் எழுத்தெல்லாம் கால் வேறு கை வேறாகக் கிடக்கும். பாமினி, டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்து முறைகளில் அடித்துவிட்டு யூனிகோடுக்கு வந்த தமிழர்களுக்கு இது புதிது இல்லை. நாம் பட்ட பாட்டை இவர்கள் கொஞ்சம் தாமதமாகப் பட்டார்கள்.

தமிழுக்கு வேறு வம்பு. டிசைன் மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைப் போடாமல் 'தோசை' என்று ஒட்டினால், கொம்புகள் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், 'த' அனாதையாக நிற்கும். தமிழ் தெரியாத ஆபரேட்டருக்கு அது அழகான எழுத்தாகவே தெரியும். அச்சடித்து, லேமினேஷன் போட்டு, பெட்டி கட்டிக் கொடுத்துவிடுவார். இப்படி உடைந்த தமிழை நான் கடை போர்டுகளிலும் கோயில் நோட்டீஸ்களிலும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி' என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைத் தட்டினால் எல்லாம் இடத்தில் வந்து உட்காரும். அப்புறம் பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிட வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. செய்யாததால் ஆயிரம் கார்டு குப்பைக்குப் போகிறது.

பர்மிய எழுத்து வட்டம் வட்டமாக, ஒன்றின் கீழ் ஒன்று தொங்கும். தமிழில் மேலே விசிறி, கீழே வால். ஆங்கில எழுத்துக்குப் போதும் என்கிற வரி இடைவெளி இந்த இரண்டுக்கும் போதாது, மேல் வரியின் வால் கீழ் வரியின் தலையில் இடிக்கும். ஆங்கிலம் 7 புள்ளி அளவில் படிக்க முடிந்தால் தமிழுக்கு 8, 9 வேண்டும், அதுவும் நாற்பது வயது தாண்டிய கண்ணுக்கு இன்னும் கொஞ்சம். அப்படியானால் மூன்று மொழியையும் ஒரே பக்கத்தில் திணிக்க முடியாது. அக்காவுக்கு முன்பக்கம் பர்மியம், பின்பக்கம் தமிழ். ஆங்கிலம் வேண்டாம் என்றேன். "வேண்டாமா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆங்கிலம் இல்லாத கார்டு பாதிக் கார்டு என்ற நினைப்பு நம் ஆட்களிடம் இருக்கிறது. அக்காவின் கேரியரை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எல்லாம் பர்மியத்திலோ தமிழிலோ பேசுகிறவர்கள். அந்த இடத்தை வெறுமனே விட்டால்கூட அதற்கு ஒரு பயன் உண்டு.

நம்பர் மட்டும் ஆங்கில எண்ணில். இதில் நான் பிடிவாதம். பர்மிய எண்களில் சுழியும் 'வ' எழுத்தும் பார்வைக்கு ஒன்றுதான். 7ஐப் போலவே ஓர் எழுத்தும் இருக்கிறது. தமிழ் எண்களை யாரும் இப்போது போடுவதில்லை, போட்டால் ஒன்று 'க'வாகவும் ஏழு 'எ'யாகவும் எட்டு 'அ'வாகவும் நிற்கும்.

நம்பர் என்றதும் என் மானம் போன கதை ஒன்று. இன்வெர்ட்டர், பேட்டரி விற்கும் அண்ணன் ஒருவருக்கு 1,000 கார்டு அடித்தேன். கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் அவர் கார்டுக்குத்தான் எத்தனை மதிப்பு! தேக்கு நிறம், மேட் லேமினேஷன், பெயரின் மேல் மட்டும் பளபளவென்று ஸ்பாட் யூவி. நானே ஒரு கார்டை எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்துச் சாய்த்து ரசித்தேன். இரண்டு வாரம் கழித்து அண்ணன் வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். "தம்பி, பாகோவுல ஒரு அம்மாவுக்கு தினமும் பத்து பேர் போன் பண்ணி பேட்டரி கேக்குறாங்களாம்."

இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. அச்சுக்குப் போகும் முன் எடுக்கும் மாதிரியை, புரூஃபை, அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஸ்பாட் யூவியைத்தான் பார்த்திருக்கிறோம். என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். ஆனால் முதலில் போன கார்டுகளைத் திரும்ப வாங்க முடியுமா? அண்ணன் அந்த அம்மாவுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டு, ஒரு சின்ன விளக்கும் பேட்டரியும் அனுப்பி வைத்தார். அந்த அம்மா ஆறு மாதம் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் சரியான நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பளமில்லாத ரிசப்ஷனிஸ்ட்.

அன்றிலிருந்து புரூஃபை நான் கண்ணால் பார்ப்பதில்லை. வந்தவரையே அதிலிருந்து நம்பரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். படிக்கப் படிக்க என் போனில் அடிப்பேன். அவர் பையில் மணி அடித்தால்தான் பிரஸ்ஸுக்குப் போகும். மூன்று மூன்றாகப் பிரித்துத்தான் எண்ணைப் போடுவேன், ஒரே நீளமாகப் போட்டால் படிக்கிறவர் நடுவில் வழி தவறிவிடுவார். மூன்று நம்பர் போடாதீர்கள் என்றும் சொல்வேன். இந்த ஊரில் 2014ல் புதுக் கம்பெனிகள் வந்து சிம்மை 1,500 கியாட்டுக்குக் கொடுக்கும் வரை அது நகை மாதிரி, லட்சக்கணக்கில் விலை. அப்புறம் ஆளுக்கு மூன்று சிம் ஆனது. மூன்றையும் கார்டில் போட்டால் பெருமை என்று நினைக்கிறார்கள். கூப்பிடுகிறவருக்கு எது எடுக்கும் என்று தெரியாது. அக்காவின் மூன்று நம்பரில் ஒன்று செத்துப் போயிருந்தது, ஒன்று ஊருக்குப் போன மகனிடம் இருந்தது.

பேப்பர் விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நல்ல ஆர்ட் கார்டு வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது, டாலர் ஏறினால் அதுவும் ஏறும். அதனால் 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற அட்டை எடை) போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. போதாது, நுனி மடங்கும். 300 எடுங்கள். இரண்டு பக்கமும் லேமினேஷன் போடுங்கள். இது அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. யாங்கோனில் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஏறக்குறைய எல்லாம் மே முதல் அக்டோபருக்குள் கொட்டிவிடும். லேமினேஷன் இல்லாத கார்டு கயிற்றுக் கிளிப்பில் ஒரு சாயங்காலம் தாங்காது. தங்க ஃபாயில், எம்பாஸ் எல்லாம் நகைக்கடைக்கு விட்டுவிடலாம்.

சுற்றிலும் கோடு போடாதீர்கள் என்பது மட்டும் என் கெஞ்சல். ஒரு பெரிய தாளில் மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு என்று 21 கார்டு அச்சாகும். அடுக்கி வைத்துக் கத்தி இறங்கும்போது அடியில் இருக்கும் தாள் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் நகரத்தான் செய்யும். கோடு இல்லாத கார்டில் அது யார் கண்ணிலும் படாது. கோடு இருந்தால் ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் மெலிவு, கார்டே கோணலாகத் தெரியும். பின்னணி நிறத்தை மூன்று மில்லிமீட்டர் வெளியே இழுத்து விடுவதும் இதற்காகத்தான். அக்காவின் தங்கை பையன் தங்கக் கோட்டில் மாட்டிக்கொண்ட கதை இதுதான், பாவம்.

அப்புறம் பிள்ளையார். நம் ஆட்கள் பில் எழுதினாலே மேலே 'உ' போட்டுத்தான் தொடங்குவோம், கார்டு என்றால் சாமி இல்லாமலா? எனக்கு இதில் இரண்டு மனம். சாமி படம் இருந்தால் வீட்டில் யாரும் கார்டைக் குப்பையில் போட மாட்டார்கள், அது உண்மை. ஆனால் அதே கார்டு சாக்கடையோரம் கிடக்கும்போது பார்த்தால் அக்காவுக்கே மனசு கஷ்டப்படும். போதாதற்கு இந்த நாட்டில் தெய்வப் படங்களோடு விளையாட முடியாது. புத்தர் காதில் ஹெட்ஃபோன் மாட்டி விளம்பரம் போட்டதற்காக யாங்கோன் மதுக்கூடம் ஒன்றைச் சேர்ந்த மூன்று பேருக்கு 2015ல் இரண்டரை ஆண்டு சிறை கிடைத்தது. அது வேறு சமாச்சாரம், நம் பிள்ளையாருக்கு யாரும் வழக்குப் போடப்போவதில்லை. ஆனாலும் வியாபாரத் தாளில் சாமி படம் என்றால் நான் இரண்டு தடவை யோசிப்பேன். அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். பிள்ளையாரை எடுத்துவிடச் சம்மதித்தார், அரை மனதோடு.

க்யூஆர் கோடும் வேண்டும் என்றார். ஜப்பானில் கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க 1994ல் கண்டுபிடித்தது, இன்று கீரைக்காரி தட்டில்கூட இருக்கிறது. சரி, போடலாம். ஆனால் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக, சுற்றிலும் வெற்றிடம் விட்டு. இலவசமாகக் கோடு செய்து தரும் சில தளங்கள் கொஞ்ச நாள் கழித்துப் பணம் கேட்டு அதை நிறுத்திவிடும், கார்டில் அச்சடித்த கட்டம் அன்றோடு வெறும் படம். போன் நம்பரை நேராகக் கோடுக்குள் வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்ததில் அது உட்கார இடம் வேண்டுமென்றால் 'காலை 6 முதல் 10 வரை தோசை, 11 முதல் 1 வரை சாப்பாடு' என்ற வரி போக வேண்டியிருந்தது. அக்காவே சொன்னார், "நேரம் இருக்கட்டும் தம்பி. கரண்ட் இல்லாதப்ப, நெட் இல்லாதப்ப அந்தக் கட்டத்தை வச்சு என்ன பண்றது?"

கடைசியில் வந்த கார்டு இது: வெள்ளை அட்டை. முன்பக்கம் பர்மியத்தில் தோஷே ஆன்ட்டி, மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தில், பெரிதாக. கீழே நேரம், தெரு எண், அலே பிளாக், நான்காவது மாடி, 'சிவப்புக் கயிற்றை இழுக்கவும்'. ஒரே ஒரு நம்பர். பின்பக்கம் அதே சேதி தமிழில். மேலே நடுவில் பெருவிரல் அகலத்துக்கு இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை. கிளிப் கவ்வும் இடம் அது, அங்கே எதை அச்சடித்தாலும் கிளிப்புக்குள் மறைந்துவிடும். இதைத்தான் பழைய கார்டில் யாரும் யோசிக்கவில்லை. கிளிப் கவ்வியிருந்தால் பிள்ளையாரும் பெயரும் உள்ளே போய், வெளியே இட்லிப் படம் மட்டும் தெரிந்திருக்கும்.

முதல் பெட்டியை வாங்கியவர், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, அனோரத்தா சாலைக் காளி கோயிலில் வைத்து எடுத்துவிட்டுத்தான் வெளியே கொடுக்கத் தொடங்கினார். கொடுக்கும்போது வலது கையில் கார்டு, இடது கை வலது முழங்கையைத் தொட்டபடி. பர்மிய வழக்கம், இங்கே பிறந்த நமக்கும் அதுவே பழகிவிட்டது. மகளை விட்டுப் பக்கத்துத் தெருக்களின் கயிறுகளிலும் ஒவ்வொன்றாக மாட்டச் சொன்னார்.

ஆகஸ்டில், நல்ல மழைக்கு நடுவில், போன் வந்தது. இன்னும் 500 வேண்டுமாம். முன்பு கேரியர் 12 போகும், இப்போது 30 போகிறது, உதவிக்கு ஒரு பெண்ணை வைத்திருக்கிறார். எல்லாம் கார்டால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், அக்காவின் மிளகு ரசத்துக்கும் அதில் பங்கு உண்டு. பழைய ஃபைலைத் திறந்து, மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"ஒண்ணும் மாத்த வேணாம். நம்பர் அதே நம்பர்தான்." கொஞ்சம் நிறுத்தினார். பின்னால் குக்கர் விசில் கேட்டது. "ஆனா தம்பி, மேல நடுவுல இடம் சும்மாதானே கெடக்கு. கிளிப் வந்து மறைச்சுக்கும்னு நீங்களே சொன்னீங்க. யார் கண்ணுக்கும் தெரியப் போறதில்ல. அங்க சின்னதா ஒரு பிள்ளையார் போட்டுடுங்களேன்."

பதில் சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. போட்டுக் கொடுத்தேன், சின்னதாக, மஞ்சள் நிறத்தில்.